இரண்டு லட்ச ரூபாய் ஜாஸ் பேஸா, ஐம்பதாயிரம் ரூபாய் ஸ்குயரா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிறு காலை சர்ச்சில் வாசிக்கிறார், சனி இரவுகளில் மெல்லிசைக் கச்சேரி. ஆறு வருடமாகக் கையில் இருப்பது பெயர் அழிந்துபோன ஒரு பழைய பேஸ் கிட்டார். இப்போது இரண்டேகால் லட்சம் சேர்த்திருக்கிறார். கடையில் இரண்டு பேஸை வாசித்துப் பார்த்திருக்கிறார். ஒன்று ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் அமெரிக்கன் ப்ரொஃபெஷனல் 2 ஜாஸ் பேஸ் (ஜாஸ் பேஸ் என்பது மாடலின் பெயர்), இரண்டு லட்சத்துக்கு மேல். இன்னொன்று ஸ்குயர் கிளாசிக் வைப் 60ஸ் ஜாஸ் பேஸ், ஐம்பதாயிரத்தை ஒட்டி. “பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, வாசிச்சப்பவும் சவுண்டுல பெரிய வித்தியாசம் தெரியல. என் காதுலதான் குறையா, இல்ல நிஜமாவே வித்தியாசம் இல்லையா?” என்று கேட்கிறார்.

தம்பி, காதில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் நிலைமையில் நான் இருந்தால் ஸ்குயரைத்தான் வாங்குவேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கடையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பேஸின் நெக் (இடது கை விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து) நன்றாக இருக்க வேண்டும். பேஸ் வாங்குவதென்றால் நெக் வாங்குவது என்றுதான் நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய சாமான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

“ஸ்குயர்னா ஃபெண்டரோட டூப்ளிகேட்” என்று நம் மேடைகளில் ஒரு பேச்சு உண்டு. அது டூப்ளிகேட் இல்லை. ஸ்குயர் என்பது அமெரிக்காவில் மிச்சிகனில் இசைக்கருவிகளுக்குத் தந்தி செய்துகொண்டிருந்த ஒரு பழைய கம்பெனியின் பெயர். அதை ஃபெண்டர் 1965-இல் வாங்கியது. அதே வருடத் தொடக்கத்தில்தான் ஃபெண்டரையே சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ஸ்குயர் என்ற பெயர் அதற்குப் பிறகு பல வருடம் சும்மா கிடந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் டோக்காய், கிரேக்கோ, ஃபெர்னாண்டஸ் போன்ற கிட்டார்க் கம்பெனிக்காரர்கள் பழைய ஃபெண்டர்களை அச்சு அசலாக நகலெடுத்து விற்க ஆரம்பித்தார்கள். சிபிஎஸ் கையில் இருந்த அசல் ஃபெண்டரின் தரமோ இறங்கிக்கொண்டிருந்தது. நகல் அசலைவிட நன்றாக இருக்கிறது என்று வாசிப்பவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இதற்குப் பதிலடியாக ஃபெண்டர் 1982-இல் ஜப்பானின் காண்டா ஷோக்காய், யமானோ காக்கி என்ற இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கி, மட்சுமோட்டோ நகரத்து ஃபூஜிஜென் ஆலையில் பழைய மாடல்களைச் செய்ய வைத்தது. விலை குறைந்த வரிசைக்குத் தூங்கிக்கொண்டிருந்த ஸ்குயர் பெயரை எடுத்து ஒட்டினார்கள். ஜேவி என்று தொடங்கும் எண்ணுள்ள அந்த முதல் ஸ்குயர்களை இன்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்தச் சில வருடங்கள் மட்டும் மலிவுப் பெயர் பொறித்தது அமெரிக்காவில் செய்ததைவிட நல்ல பேஸாக இருந்தது என்று சொல்பவர்கள் இன்றும் நிறைய.

1985-இல் சிபிஎஸ் கம்பெனியை அங்கே வேலை பார்த்த பில் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழுவுக்கு விற்றுவிட்டது. ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதனால் கொஞ்ச காலம் ஜப்பான் சரக்கைத்தான் முக்கியமாக நம்பி ஓட்டினார்கள். பிறகு கலிஃபோர்னியாவின் கொரோனா நகரத்தில் புது ஆலை வந்தது. (2020-இல் ஊரடங்கு சமயத்தில் “மேட் இன் கொரோனா” என்று ஒரு நண்பர் தன் பேஸைக் காட்டி நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.) நீங்கள் பார்த்த அமெரிக்கன் ப்ரொஃபெஷனல் அங்கே செய்தது. ஸ்குயர் ஜப்பானிலிருந்து கொரியா, சீனா, இந்தோனேசியா என்று நகர்ந்தது. கிளாசிக் வைப் வரிசை 2008-இல் சீனாவில் தொடங்கி, 2019 முதல் இந்தோனேசியாவில் செய்யப்படுகிறது.

ஆக, இரண்டுக்கும் ஒரே வரைபடம். 34 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்), 20 ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), நட் பக்கம், அதாவது நெக்கின் தலை முனையில், 38 மில்லிமீட்டர் அகலம், 9.5 அங்குல ரேடியஸ் வளைவுள்ள ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் பலகை). அளவு எடுத்துப் பார்த்தால் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. அப்படியென்றால் அந்த ஒன்றரை லட்சம் எங்கே போகிறது?

சவுண்டுக்குப் போகவில்லை. போனாலும் கொஞ்சம்தான். ஜாஸ் பேஸ் ரொம்ப எளிமையான கருவி. 1960-இல் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் வெளியிட்டு ஓரிரு வருடத்தில் அமைந்த அடிப்படை அப்படியே இருக்கிறது: தந்தியின் அதிர்வைப் பிடிக்க, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய இரண்டு பிக்கப், ஆளுக்கொரு வால்யூம், பொதுவாக ஒரு டோன், ஒரு ஜாக். பேட்டரி கிடையாது, பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டும் கிடையாது. இதில் பணத்தைக் கொட்டி மேம்படுத்த இடமே குறைவு. அமெரிக்கன் பிக்கப் இன்னும் தெளிவாக, மேல் பக்கம் கொஞ்சம் மினுக்காகக் கேட்கும். ஸ்குயரின் அல்நிக்கோ காந்தப் பிக்கப்பும் நல்ல பிக்கப்தான். தந்தியை மாற்றினால், விரல் மீட்டும் இடத்தை இரண்டு அங்குலம் நகர்த்தினால், அந்த வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். என்னிடம் பதினோரு வருடமாக ஒரு அமெரிக்க ஜாஸ் பேஸ் இருக்கிறது. பஸ், ரயில் என்று அலைவதற்காகப் பிறகு ஒரு கிளாசிக் வைப் வாங்கினேன். இரண்டிலும் ஒரே கம்பெனியின் புதுத் தந்தி மாட்டி, ஒரே டிஐ பாக்ஸ் (பேஸின் சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி அனுப்பும் பெட்டி) வழியாக ஒரே வரியை வாசித்துப் பதிவு செய்து, குழுவில் மூன்று பேருக்குப் பெயர் சொல்லாமல் அனுப்பினேன். கீபோர்டுக்காரர் சரியாகச் சொன்னார். டிரம்மர் மாற்றிச் சொன்னார். சவுண்டுக்காரர், “ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு தடவை அனுப்பின?” என்று கேட்டார். அவர்தான் மேடையில் என் சத்தத்தைக் கையில் வைத்திருப்பவர்!

யூட்யூபில் ஒப்பிடும் வீடியோக்களை ஃபோனில் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். மிகத் தடித்த ஈ ஸ்ட்ரிங்கை எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாமல் அடித்தால் வரும் அடிப்படை ஒலி 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. அதன் மேல் வரும் துணை ஒலிகளைக் கேட்டு மூளை மீதியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த வீடியோவில் நீங்கள் ஒப்பிடுவது பாதி உங்கள் ஃபோனைத்தான்.

ஹம் என்ற உறுமல் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை உயர்ந்ததில் அது வராது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு பேஸிலும் இருப்பது சிங்கிள் காயில், அதாவது ஒற்றைக் கம்பிச்சுருள் பிக்கப். கோயில் திருவிழா மேடையில், ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் எர்த் இல்லாத பிளக்கும் இருக்கும் இடத்தில், இரண்டு லட்சம் ரூபாய் பேஸும் அதே மாதிரிதான் உறுமும். வழி ஒன்றுதான்: இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்து வையுங்கள். ஒரு பிக்கப் எதிர்த் திசையில் சுற்றப்பட்டிருப்பதால் இரண்டும் சமமாக இருக்கும்போது ஹம் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றை மட்டும் குறைத்தால் திரும்ப வந்துவிடும்.

ரஷ் என்ற ராக் குழுவில் பேஸ் வாசித்த கெடி லீயை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரோடு ஒட்டிப்போன அந்தக் கறுப்பு 1972 ஜாஸ் பேஸை மிச்சிகனில் கலமசூ ஊரில் ஒரு அடகுக் கடையில் 200 டாலர் அளவில் வாங்கினார். சிபிஎஸ் காலத்துச் சரக்கு, தரம் இறங்கிவிட்டது என்று எல்லோரும் திட்டும் எழுபதுகளில் செய்தது. பிறகு அந்த பேஸின் நகலை ஃபெண்டரே அவர் பெயரில் வெளியிட்டது, அதுவும் முதலில் ஜப்பானில் செய்து. எந்த ஊர், எந்த வருடம் என்று பார்த்து வாங்கியிருந்தால் அதை அவர் தொட்டிருக்கவே மாட்டார்.

மரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்கனில் பெரும்பாலும் ஆல்டர், ஸ்குயர் 60ஸ் ஜாஸில் பாப்லர். இதில் சவுண்டு வித்தியாசம் உண்டா இல்லையா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போட ஆள் இருக்கிறார்கள், நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. எனக்கு எடைதான் முக்கியம். நான்கு மணி நேரக் கச்சேரியில் அரைக் கிலோ கூட இருந்தால் தோள் அடுத்த நாளும் நினைவில் வைத்திருக்கும். ஒரே மாடலிலேயே ஒன்றுக்கொன்று எடை மாறும், அதனால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

இனி நெக்.

என் அமெரிக்கனையும் ஸ்குயரையும் பத்து நிமிடம் வாசித்தால் எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரவு ஏழு மணிக்கு ஆரம்பித்த கச்சேரி பன்னிரண்டு தாண்டும்போது தெரியும். கேட்பவருக்கு இல்லை, என் இடது கைக்கு. அமெரிக்கனில் ஃபிங்கர்போர்டின் ஓரங்கள் பல வருடம் வாசித்துத் தேய்ந்தது போல உருட்டி விடப்பட்டிருக்கின்றன. ஃப்ரெட்டின் நுனி ஒவ்வொன்றும் மழமழவென்று இருக்கும். நெக்கின் பின்புறம் பளபளப்பு இல்லாத மெல்லிய பூச்சு, வியர்த்தாலும் கட்டைவிரல் ஒட்டாது. கிளாசிக் வைப்பில் பின்புறம் பளபளவென்று மின்னும் பூச்சு. கடையில் ஏசியில் அழகாக இருக்கும். மே மாத மேடையில் வியர்வைக் கை அதில் ஒட்டி ஒட்டித்தான் நகரும். (இதற்கு மருந்து சுலபம்: மிக நைசான உரசுதாள் அல்லது ஸ்காட்ச் ப்ரைட் கொண்டு பின்புறத்தை மட்டும் லேசாக மங்கலாக்கிவிடலாம். பத்து நிமிட வேலை, ஆனால் திரும்பப் பளபளப்பாக்க முடியாது. விற்கும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.)

ஃப்ரெட் நுனி அப்படிச் சுலபமான விஷயம் இல்லை. இருபது ஃப்ரெட், இரண்டு பக்கம், நாற்பது நுனி. ஒவ்வொன்றையும் அரத்தால் உருட்டி, தாளால் தேய்த்து, கையால் தடவிப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு ஆள் நேரம் வேண்டும். இந்தோனேசியக் கைகளுக்குத் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளாசிக் வைப்பின் சீரியல் எண் ஐசிஎஸ் என்று தொடங்கினால், இந்தோனேசியா, கார்ட், ஸ்குயர் என்று விரித்துப் படிப்பது வாசிப்பவர்களின் வழக்கம். அந்த கார்ட் ஆலையிலிருந்து பெரிய பெரிய பிராண்டுகளின் நல்ல கிட்டார்கள் வருகின்றன. ஐம்பதாயிரம் ரூபாய் பேஸுக்கு ஒரு நெக்கில் செலவழிக்க அவர்களுக்குக் கொடுத்திருக்கும் நிமிடங்கள் குறைவு, அவ்வளவுதான். அதனால் பத்தில் சில அமெரிக்கனுக்குச் சமமாக வரும், சில சுமாராக வரும். நீங்கள் இரண்டு லட்சம் கொடுத்தால் பத்தில் எதை எடுத்தாலும் ஒரே மாதிரி நன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். கடையில் போய் பொறுமையாகத் தேடுபவருக்கு அந்தச் சமாச்சாரம் இலவசமாகவே கிடைக்கும். ஆன்லைனில் பெட்டியாக வரவழைப்பவருக்குக் கிடைக்காது.

பிக்கப் பிடிக்கவில்லையா, மாற்றலாம். (மாற்றும்போது அளந்து வாங்குங்கள். ஜாஸ் பேஸில் நெக் பக்கப் பிக்கப், பாடியில் தந்தி முடியும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை.) பிரிட்ஜ், டியூனர், நட், வால்யூம் குமிழ் எல்லாம் மாற்றலாம். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் நெக்கும் கையோடு வந்துவிடும். பழுது பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் லியோ ஃபெண்டர் அப்படி வடிவமைத்தார். ஆனால் நல்ல நெக் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், சுங்கமும் கூரியரும் சேர்ந்து ஸ்குயரின் விலையையே தொட்டுவிடும். அப்புறம் அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். அதனால் கடையிலேயே சரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரே பாகம் நெக்தான்.

நம் ஊர்க் காற்று இதை இன்னும் கடினமாக்குகிறது. நான்கு தந்தியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ இழுவிசையில் அந்த மரத்தை எப்போதும் முன்னால் இழுத்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி பின்னால் இழுத்துச் சமன் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தை உறிஞ்சும், ஏசி ஓடும் அறையிலோ பங்குனி வெயிலிலோ காயும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சமன் கொஞ்சம் மாறும். வீணை இருக்கும் வீடுகளில் இது புதிதல்ல. மெழுகில் பதித்த மெட்டுகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பதிக்க ஆள் தேடுவார்கள். நம் பேஸில் அந்த வேலை ட்ரஸ் ராடில் கால் சுற்று. அமெரிக்கன் ப்ரொஃபெஷனலின் நெக்குக்குள் கிராஃபைட் கம்பிகள் இரண்டு வைத்திருக்கிறார்கள், அதனால் அது குறைவாகவே அசையும். என்னுடைய அமெரிக்கனை வருடம் ஒருமுறை தொட்டால் போதும். ஸ்குயரை மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. இதற்கு மேல் பெரிய வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை.

மரம் காயும்போது இன்னொன்று நடக்கும். ஃபிங்கர்போர்டு ஓரம் சுருங்கும், உலோக ஃப்ரெட் சுருங்காது, நுனி வெளியே எட்டிப் பார்க்கும். கையில் கீறும். கடையில் நெக்கின் இரண்டு ஓரத்தையும் மேலிருந்து கீழாக விரலால் தடவினாலே தெரிந்துவிடும். லேசாக இருந்தால் கிட்டார் ரிப்பேர் செய்பவர் ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடுவார். அதற்காக நல்ல நெக்கைக் கைவிட வேண்டாம்.

அப்புறம் ஆம்பில் (சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில்) போடாமல் வாசியுங்கள். ஆம்ப் நிறையக் குற்றத்தை மறைக்கும். நான்கு தந்தியிலும் இருபது ஃப்ரெட்டும், மொத்தம் எண்பது ஸ்வரம். எண்பதையும் ஒன்றொன்றாக அழுத்தி அடித்துப் பாருங்கள், வெட்கப்படாமல். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கரகரத்தால் அந்த ஃப்ரெட் தாழ்ந்திருக்கிறது, அல்லது அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். எல்லா இடத்திலும் லேசாகக் கரகரத்தால் வெறும் செட்டப் (தந்தி உயரம், நெக் வளைவு இவற்றைச் சரிசெய்வது) குறை, பயப்பட வேண்டாம். மிக மெல்லிய ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரைக்கும் கூடுதலாகக் கவனியுங்கள். அங்கே ஏதோ ஒரு ஸ்வரம் சட்டென்று செத்துப்போகும், நீளாது. ஃபெண்டர் வகை நெக்குகளுக்குப் பிறந்ததிலிருந்தே இந்தக் குணம் உண்டு, அமெரிக்கனிலும் பார்க்கலாம். லேசாக இருந்தால் விடுங்கள். ‘டொக்’ என்று நின்றால் அடுத்த பேஸை எடுக்கச் சொல்லுங்கள்.

பேஸைத் துப்பாக்கி போலப் பிடித்து, பாடி பக்கமிருந்து ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பக்கம் வரை ஓரத்தை நோட்டம் விடுங்கள். முன்னால் லேசாக வளைந்திருக்கலாம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு பக்க ஓரம் ஒரு மாதிரியும் மறு பக்க ஓரம் வேறு மாதிரியும் போனால் நெக் முறுக்கியிருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை. விலை பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். இரண்டு ஓரத் தந்திகளும் ஃபிங்கர்போர்டு ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் போகின்றனவா என்றும் பாருங்கள். ஜி ஸ்ட்ரிங் ஓரத்தை ஒட்டிப் போனால் வேகமாக வாசிக்கும்போது விரல் அதை வெளியே தள்ளிவிடும். சில சமயம் நெக் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நெக்கை மெல்லத் தள்ளி, திரும்ப இறுக்கினால் சரியாகும். அதைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

ஸ்குயர் வாங்கினால் கையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மீதி இருக்கும். அதில் முதலில் இரண்டு மூன்றாயிரம் செட்டப்புக்கு. கடையில் செய்து தருகிறோம் என்பார்கள். அதைவிட உங்கள் ஊரிலோ மதுரையிலோ நல்ல ஆள் ஒருவரைப் பிடித்து, உங்கள் தந்தியை மாட்டி, உங்கள் எதிரில் செய்யச் சொல்லுங்கள். 17-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ஈ ஸ்ட்ரிங் சுமார் 2.4 மில்லிமீட்டர், ஜி ஸ்ட்ரிங் சுமார் 2 மில்லிமீட்டர் உயரம் என்பது ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு. அதிலிருந்து உங்கள் கை எப்படிக் கேட்கிறதோ அப்படி ஏற்றி இறக்கலாம். பலமாக அடிப்பவர் குறைவாக வைத்தால் கரகரக்கத்தான் செய்யும், அதற்கு பேஸைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது டிஐ. கச்சேரி மேடையில் உங்களை ஜனங்கள் கேட்பது உங்கள் ஆம்ப் வழியாக இல்லை, மிக்சர் வழியாக. பேஸிலிருந்து வயரை நேராக மிக்சரில் குத்தினால் எந்த பேஸும் தட்டையாக, உயிரில்லாமல்தான் கேட்கும். நல்ல பேஸ் ப்ரீஆம்ப் டிஐ ஒன்று (சத்தத்தைச் செதுக்கும் வசதியும் சேர்ந்த டிஐ), டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் மாதிரி, வாங்கினால் அங்கே கிடைக்கும் வித்தியாசத்தைப் பார்த்து உங்கள் சவுண்டுக்காரரே “புது பேஸா?” என்று கேட்பார். பட்ஜெட் குறைவு என்றால் ஜூம் மாதிரி சின்ன மல்ட்டி எஃபெக்ட் பெட்டியும் அந்த வேலையை ஓரளவு செய்யும். வீட்டில் பழகுவதற்கு இன்னும் கிட்டார் ஆம்ப்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் பேஸுக்காகச் செய்தது இல்லை. அதில் பழகப் பழக, கீழ் ஸ்வரம் கேட்கவில்லை என்று கை தானாகவே பலமாக அடிக்கக் கற்றுக்கொள்ளும். என் முதல் மூன்று வருடம் அப்படிப் போனது. அந்தப் பழக்கத்தை விட இன்னும் மூன்று வருடம் ஆனது.

தந்தியைப் பற்றிச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். தூத்துக்குடி, கடற்கரைப் பக்கம் அடிக்கடி கச்சேரி போனால் உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் தந்தி சொரசொரவென்று ஆகிவிடும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒரு துடை. அவ்வளவுதான்.

அப்படியானால் அமெரிக்கன் யாருக்கு? வாரத்தில் ஐந்து நாள் வாசித்துச் சாப்பிடுகிறவருக்கு. ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே பலத்தில் வேண்டும் என்று கேட்கப்படுபவருக்கு. ரிப்பேர் ஆள் கைக்கு எட்டாத ஊரில் இருந்துகொண்டு, பேஸ் அசையாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு. அப்புறம், ஆசைப்படுபவருக்கு. ஆசைக்காக வாங்குவதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை, நானே அப்படி வாங்கியவன்தான். வாங்கிய முதல் மாதம் அதை எந்தக் கச்சேரிக்கும் எடுத்துப் போகவில்லை, வேன் கதவில் இடித்துவிடுமோ என்று. நான்காவது மாதம் இடித்தது. அதன் பிறகுதான் அது எனக்கு ஒரு பேஸாக ஆனது.

நடுவில் இருக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஃபெண்டரின் மெக்சிகோ ஆலை 1987 முதல் என்செனாடா நகரத்தில் ஓடுகிறது. அங்கே செய்யும் ப்ளேயர் 2 ஜாஸ் பேஸில் ஃபிங்கர்போர்டு ஓரங்களை உருட்டித் தருகிறார்கள். விலை உங்கள் இரண்டு பேஸுக்கும் நடுவில் வரும். கை அதை விரும்பினால் நல்ல தேர்வு. இன்னொன்று சையர். 1977 ஜாஸ் பேஸை வைத்து உலகப் புகழ் பெற்ற பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் தன் பெயரைக் கொடுத்திருக்கும் வரிசை. அதுவும் இந்தோனேசியாவில்தான் செய்யப்படுகிறது. உருட்டிய ஓரம் அவர்களுடைய பெருமை. கிளாசிக் வைப்பின் பழைய தோற்றம் உங்களுக்கு முக்கியம் இல்லை என்றால், முடிவு செய்வதற்கு முன் ஒன்றை மடியில் வைத்துப் பாருங்கள். பழைய அமெரிக்கன் யாராவது விற்கிறார்கள் என்றால், ட்ரஸ் ராட் இன்னும் திரும்புகிறதா என்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடைசிவரை இறுக்கித் தீர்ந்துபோன ராட் உள்ள பேஸை வாங்கினால் நீங்கள் வாங்குவது பெயரை மட்டும்தான்.

எதை வாங்கினாலும், ட்ரஸ் ராடைத் திருப்பப் பெட்டியில் வரும் ஆலன் சாவியைத் தொலைக்காமல் பேஸைத் தூக்கிப்போகும் கிக் பேகிலேயே போட்டு வையுங்கள். அமெரிக்காவில் செய்ததற்கு அங்குலக் கணக்குச் சாவி, ஆசியாவில் செய்ததற்குப் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும், உள்ளே போகவும் செய்யும். வேறு சாவியை அழுத்தித் திருப்பி ட்ரஸ் ராட் நட்டின் உள்பக்கம் மழுங்கிவிட்டால், ஒரு சின்னச் சாவிக்காக நெக்கையே மாற்ற வேண்டி வரலாம். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டு ஒரு இரவு விட்டு, காலையில் பாருங்கள்.